கட்டளைக்கல்லும் எண்ணும்: பாறைகளின் ஐசோடோப்பு அளவீடுகளில் ஆய்வகங்களுக்கிடையிலான உடன்பாடு – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஒரே பாறையை வெவ்வேறு ஆய்வகங்கள் அளந்து ஒரே ஐசோடோப்பு விகிதத்தையோ ஒரே அகவையையோ பெறுமாயின் அவ்வெண் உண்மையானது என்று கொள்வது புவியியலில் வழக்கம். இவ்வழக்கம் எந்த அளவுக்கு ஏற்புடையது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. கென்யாவின் கே.பி.எஸ். சாம்பற்பாறை குறித்த அகவை வழக்கு, கார்பனேட்டுகளுக்கான டெல்டா அளவுகோலின் வரலாறு, நியோடிமியம், ஸ்ட்ரான்சியம் விகிதங்களின் இயைபாக்க மரபுகள், யுரேனிய விகிதத்தின் திருத்தம் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. ஆய்வகங்களின் உடன்பாடு தன்னளவில் சான்றாகாது. அவ்வுடன்பாடு எவ்வழியில் பிறந்தது என்பது அறியப்பட்ட பின்னரே அது சான்றாகும் என்பது இக்கட்டுரையின் முடிபு. அம்முடிபின் அடிப்படையில், தமிழில் இத்தகைய எண்களை எடுத்தாளும் ஆய்வாளர் பின்பற்றத்தக்க சில நெறிகளும் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

ஐசோடோப்பு, ஒப்பீட்டுப் பொருள், நுண்மை, செம்மை, உடன்பாடு, டெல்டா அளவுகோல், இயைபாக்கம், புவிக்காலக் கணிப்பு.

முன்னுரை

ஒரு பாறையின் அகவை நூல்களில் ஒற்றை எண்ணாகவே அச்சாகின்றது. அவ்வெண்ணைக் கற்போர் அது பாறைக்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததாகவும், கருவி அதனைப் படித்துச் சொன்னதாகவும் எண்ணிக்கொள்வர். உண்மை வேறு. நிறை நிறமாலைமானி அளப்பது அகவையை அன்று; அயனிக் கற்றைகளின் மின்னோட்ட விகிதத்தையே அது அளக்கின்றது. அவ்விகிதமும் பாறையில் உள்ளவாறே வெளிப்படுவதில்லை. இலேசான ஐசோடோப்பும் கனமான ஐசோடோப்பும் கருவிக்குள் ஒரே திறத்துடன் ஆவியாவதில்லை. ஒரே திறத்துடன் அயனியாவதுமில்லை. ஆகவே கருவி தரும் விகிதம் எப்போதும் சற்றே கோணலானது. அக்கோணலை நிமிர்த்த, விகிதம் முன்னரே அறியப்பட்ட வேறொரு பொருளை அதே கருவியில் அளந்து ஒப்பிட வேண்டியுள்ளது. பொன்னின் மாற்றைப் பொன் தானே சொல்வதில்லை. கட்டளைக்கல்லில் உரைத்த பின்னரே அது அறியப்படுகின்றது. பாறையின் விகிதமும் அத்தகையதே.

கட்டளைக்கல் எது, அதன் மதிப்பை நிறுவியவர் யார், அது இன்றும் அதே கல்லாக உள்ளதா என்னும் வினாக்கள் அளவீட்டிற்குப் புறம்பானவை அல்ல. அவை அளவீட்டின் உள்ளேயே இருக்கின்றன. ஓர் ஆய்வகத்தின் எண்ணையும் மற்றோர் ஆய்வகத்தின் எண்ணையும் அருகருகே வைக்கும் ஒவ்வொரு அட்டவணையும் இவ்வினாக்களுக்கு விடை கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்கின்றது. அவ்விடை எப்போதும் கிடைத்திருந்ததா என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

1. 'துல்லியம்' என்னும் சொல்லின் சிக்கல்

ஆய்வுக்குள் புகுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். தமிழ் அறிவியல் உரைநடையில் 'துல்லியம்' என்னும் சொல் பெரும்பாலும் இரு வேறு பண்புகளைத் தழுவி வழங்குகின்றது. ஒரே மாதிரியைப் பன்முறை அளக்கும்போது எண்கள் தமக்குள் நெருங்கி நிற்பது ஒரு பண்பு. அவ்வெண்கள் உண்மை மதிப்பை நெருங்கி நிற்பது மற்றொரு பண்பு. முன்னதை நுண்மை என்றும் பின்னதைச் செம்மை என்றும் இக்கட்டுரை வேறுபடுத்துகின்றது. ஒரு கருவி மிகுந்த நுண்மையுடன் தவறான எண்ணைத் தர இயலும். 'மிகத் துல்லியமான அளவீடு' என்று எழுதும்போது இவ்விரண்டில் எது குறிக்கப்படுகின்றது என்பது மறைந்துவிடுகின்றது.

இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் கொள்ள வேண்டும். அது வெவ்வேறு ஆய்வகங்களின் எண்கள் தமக்குள் ஒத்திருத்தல். இதனை உடன்பாடு எனலாம். உடன்பாடு நுண்மையினும் வலிமையுடைய சான்று என்பதில் ஐயமில்லை. ஓர் ஆய்வகத்தின் தனிக்குறை மற்றோர் ஆய்வகத்தில் இருக்க வேண்டியதில்லை. ஆயினும் உடன்பாடு செம்மை ஆகிவிடாது. ஒரு சந்தையிலுள்ள கடைக்காரர் அனைவரும் ஒரே வார்ப்பில் செய்த எடைக்கற்களை வைத்திருப்பின், அவர்கள் நிறுத்துத் தரும் அரிசி கடைக்குக் கடை மாறாது. வார்ப்பே குறைவுடையதாயின் அக்குறை எந்தக் கடையிலும் தெரியாது. பாறை ஆய்வகங்களின் வரலாற்றில் இது நிகழ்ந்துள்ளது என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

2. கே.பி.எஸ். சாம்பற்பாறை: உடன்பாடு தவறிய வழக்கு

கென்யாவின் துர்கானா ஏரிக்குக் கிழக்கே கூபி ஃபோரா என்னும் பகுதியில் உள்ள எரிமலைச் சாம்பற்பாறை, அதனைக் கண்டறிந்த கே பெரென்ஸ்மேயரின் பெயரால் கே.பி.எஸ். எனப்படுகின்றது. 1972இல் ரிச்சர்டு லீக்கியின் குழுவைச் சேர்ந்த பெர்னார்டு ங்கெனியோ இவ்வடுக்கிற்குக் கீழே கண்டெடுத்த 1470 எண்ணுடைய மண்டையோடு, சாம்பற்பாறையின் அகவையை மானுடவியலின் மையச் சிக்கலாக்கியது. சாம்பலுக்குக் கீழே உள்ளது சாம்பலினும் பழையது. ஆகவே சாம்பலின் அகவையே மண்டையோட்டின் மிகக் குறைந்த அகவை.

பிரித்தானியாவின் ஃபிட்ச், மில்லர் ஆகிய இருவரும் 1970இல் முதல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் பெற்ற முதல் மாதிரி 20 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அகவையைக் காட்டியது. சாம்பலோடு மிகப் பழைய பாறைத்துகள்கள் கலந்திருந்தமையே அதற்குக் காரணம் என உணர்ந்து வேறு மாதிரிகளைப் பெற்றனர். ஆர்கான்-40, ஆர்கான்-39 விகித முறையில் அவர்கள் கண்ட அகவை 26.1 இலட்சம் ஆண்டு, பிழையெல்லை 2.6 இலட்சம். 1976இல் அவர்களது குழு அதனை 24.2 இலட்சம் எனத் திருத்தியது. பிழையெல்லை வெறும் 10 ஆயிரம் ஆண்டாகச் சுருங்கியது.

இதற்கிடையில், 1975இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கர்ட்டிஸ் குழுவினர் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் இரு எண்களைப் பெற்றனர்: 16.0 இலட்சம், 18.2 இலட்சம். ஒரே பெயருடைய சாம்பற்பாறைக்கு இரு ஆய்வகங்கள் தந்த அகவைகள் ஆறு இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் விலகி நின்றன. இவ்விலகலைத் தீர்க்க மூன்றாவதாக ஒரு முறை நாடப்பட்டது. யுரேனிய அணுக்கள் பிளவுறும்போது சிர்கான் படிகத்தில் பதியும் தடங்களை எண்ணி அகவை காணும் முறை அது. ஹர்ஃபோர்டு, கிளீடோ, நேசர் ஆகிய மூவரும் 1976இல் வெளியிட்ட முடிவு 24.4 இலட்சம். அது ஃபிட்ச் குழுவினரின் திருத்திய எண்ணோடு ஏறத்தாழ முற்றும் ஒத்தது. வேறு நாட்டவர், வேறு கருவி, வேறு இயற்பியல். ஆயினும் ஒரே விடை. உடன்பாட்டைச் சான்றாகக் கொள்ளும் எவரும் இவ்விடத்தில் வழக்கு முடிந்தது என்றே கூறியிருப்பர்.

வழக்கு முடியவில்லை. எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் அகவை அறியப்பட்ட அடுக்குகளிலிருந்து கிடைத்த பன்றிப் புதைபடிவங்களைக் கூபி ஃபோராவின் பன்றிகளோடு ஒப்பிட்ட பேசில் குக், சாம்பற்பாறை 20 இலட்சம் ஆண்டுகளை ஒட்டியதாகவே இருக்க வேண்டும் என்று காட்டினார். சாம்பலின் வேதியியல் கூறுகளை ஒப்பிட்ட ஆய்வும் அதனை ஓமோவின் இளைய அடுக்கு ஒன்றோடு இணைத்தது. பின்னர்க் கான்பெராவில் மக்டூகல், நுரைக்கற்களிலிருந்து பிரித்தெடுத்த தூய ஃபெல்ஸ்பார் படிகங்களைப் பொட்டாசியம்-ஆர்கான் முறையிலும் ஆர்கான் விகித முறையிலும் அளந்து 18.8 இலட்சம் என்னும் முடிவை அடைந்தார். பிழையெல்லை 20 ஆயிரம். தடமெண்ணும் முறையில் முன்னர் 24.4 இலட்சம் கண்டவர்களுள் ஒருவரான கிளீடோவே 1980இல் மீண்டும் ஆராய்ந்து 18.7 இலட்சம் என வெளியிட்டார். இளம் சிர்கான் படிகங்களில் தடங்கள் மிகச் சில. அவற்றை ஏனைய குறைகளிலிருந்து பிரித்தறிவதும் அரிது. அவ்விடர்ப்பாடே முந்தைய எண்ணைத் திரித்திருந்தது.

இவ்வழக்கிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, நுண்மை மிகுந்தபோது செம்மை மிகவில்லை. 1970இன் எண் இன்று ஏற்கப்படும் 18.8 இலட்சத்திலிருந்து தன் பிழையெல்லையைப் போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே விலகியிருந்தது. 1976இன் எண்ணோ உண்மைக்குச் சற்று நெருங்கி வந்திருந்தும், தன் பிழையெல்லையைப் போல் 50 மடங்குக்கு மேல் விலகியிருந்தது. முதல் எண் தன் அறியாமையை ஓரளவு ஒப்புக்கொண்டது. இரண்டாவது எண் அதனை மறைத்தது. பிழையெல்லை என்பது கருவியின் தடுமாற்றத்தை மட்டுமே கணக்கிட்டதே அன்றி, மாதிரியில் கலந்த பழந்துகள்களைக் கணக்கிடவில்லை.

இரண்டாவது, 24.2, 24.4 ஆகிய எண்களின் உடன்பாடு தற்செயலானது. ஒன்றையொன்று சாராத இரு பிழைகள் ஒரே திசையில் ஒரே அளவில் விழுந்தன. இத்தகைய தற்செயல் அரிது என்பதாலேயே அது மிகுந்த நம்பிக்கையை ஊட்டியது. வழக்கைத் தீர்த்தது எண்களின் பெரும்பான்மை அன்று. பழந்துகள் கலவாத படிகத்தைத் தெரிந்தெடுத்தமையும், ஒவ்வொரு முறையும் எங்கே தவறக்கூடும் என்று வினவியமையும், ஐசோடோப்பைச் சாராத புதைபடிவச் சான்றைப் புறந்தள்ளாமையுமே ஆகும். ஆய்வகங்களை ஒப்பிடுமுன் அவை அளந்தது ஒரே பொருளைத்தானா என்று கேட்க வேண்டும் என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

3. தீர்ந்துபோன கல்லும் மாறிப்போன கல்லும்

கே.பி.எஸ். வழக்கில் மாதிரி சிக்கலானது. அடுத்த நேர்வில் கட்டளைக்கல்லே சிக்கலாகின்றது.

கார்பனேட்டுப் பாறைகளின் கார்பன், ஆக்சிசன் ஐசோடோப்புகள் டெல்டா மதிப்புகளாகக் குறிக்கப்படுகின்றன. மாதிரியின் விகிதத்தை ஒப்பீட்டுப் பொருளின் விகிதத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, ஆயிரத்தால் பெருக்கினால் கிடைப்பது டெல்டா. வரையறையிலேயே இது ஓர் ஒப்பீடு. ஒப்பீட்டுப் பொருள் இல்லையேல் டெல்டாவுக்குப் பொருளே இல்லை. சிகாகோவில் ஹெரால்டு யூரியின் குழுவினர் 1950களில் பயன்படுத்திய ஒப்பீட்டுப் பொருள், அமெரிக்காவின் தென் கரோலினாவில் பீடீ என்னும் அடுக்கிலிருந்து எடுத்த பெலெம்னைட் புதைபடிவம். அதன் பெயராலேயே அளவுகோல் பி.டி.பி. எனப்பட்டது. அப்புதைபடிவத் தூள் சில ஆண்டுகளிலேயே தீர்ந்துபோயிற்று. அளவுகோல் மட்டும் எஞ்சியது. அது காட்டும் சுழியம் எங்கும் இல்லை.

இந்நிலையில் என்.பி.எஸ். 19 என்னும் வெண்பளிங்குத் தூளின் மதிப்பு 1980களில் உடன்படிக்கையால் நிறுவப்பட்டது: கார்பனுக்கு +1.95‰, ஆக்சிசனுக்கு −2.20‰. இல்லாத பெலெம்னைட்டை இருக்கும் பளிங்கின் வழியே வரையறுத்த இப்புதிய அளவுகோல் வியன்னா பி.டி.பி. எனப் பெயர் பெற்றது. பின்னர் இப்பளிங்குத் தூளும் தீர, ஐ.ஏ.இ.ஏ. 603 என்னும் மற்றொரு பளிங்குத் தூள் +2.46‰, −2.37‰ என்னும் மதிப்புகளுடன் அதனிடத்தைப் பெற்றது. இச்சங்கிலி செம்மையாகக் கையளிக்கப்பட்டிருப்பின் 1957இன் எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிடலாம். கண்ணி ஒன்று நெகிழ்ந்திருப்பின் ஒப்பிட இயலாது. தொல்கடல் வெப்பநிலையைக் கணக்கிடும்போது ஆக்சிசன் டெல்டாவில் 1‰ மாற்றம் ஏறத்தாழ 4 பாகை செல்சியசுக்கு ஈடாகும். கால் பங்கு நெகிழ்ச்சியும் ஒரு பாகை வெப்பமாகத் தோன்றும்.

ஒரு கல் போதாது என்பதும் விரைவில் தெரியவந்தது. என்.பி.எஸ். 19 அளவுகோலின் ஒரு புள்ளியை மட்டுமே நிறுத்துகின்றது. அதிலிருந்து 40‰ தொலைவிலுள்ள மாதிரியை அளக்கும்போது, கருவியில் முன்னைய வளிமத்தின் எச்சம் சிறிது கலந்தாலும் அளவுகோல் சுருங்கிவிடும். ஒவ்வொரு கருவியிலும் சுருக்கம் வேறு. ஆகவே 2006இல் எல்.எஸ்.வி.இ.சி. எனப்படும் லித்தியம் கார்பனேட்டு −46.6‰ என்னும் மதிப்புடன் இரண்டாம் புள்ளியாக நிறுவப்பட்டது. அளவுகோலை இவ்வாறு இருமுனையிலும் நிறுத்தியதால் கார்பன் மதிப்புகளின் ஒத்திசைவு 39 முதல் 47 விழுக்காடு மேம்படும் என்று அப்பரிந்துரையை முன்வைத்த கோப்லென் குழுவினர் காட்டினர். உடன்பாட்டின் நோக்கில் இது ஒரு வெற்றி.

ஆனால் லித்தியம் கார்பனேட்டு தன் நிலையில் நிற்கவில்லை. குப்பி திறக்கப்படும்போது அது காற்றிலிருந்து கார்பன்-டை-ஆக்சைடை ஈர்க்கின்றது. காற்றின் கார்பன் −8‰ அளவினது, ஆகவே −46.6‰ உடைய பொருள் சிறிது சிறிதாக மேல்நோக்கி நகர்கின்றது. எந்தக் குப்பி எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதற்கேற்ப ஒவ்வோர் ஆய்வகத்தின் கட்டளைக்கல்லும் வெவ்வேறு அளவில் மாறியிருந்தது. 2017இல் கார்பன் அளவீட்டிற்கு அதனைப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது. நிலைப்புடைய புதிய கார்பனேட்டுகளை உருவாக்கும் பணி தொடங்கியது.

இங்குத் தவறியவர் எவர்? இரு முனை வேண்டும் என்ற கோட்பாடு தவறன்று. அது இன்றும் நிற்கின்றது. பொருளைத் தேர்ந்ததும், அதன் மதிப்பை எண்ணாக நிறுவிய பின் அப்பொருளையே மீண்டும் சோதிக்காது நெடுநாள் விட்டதுமே தவறு. உடன்படிக்கையால் நிறுவிய மதிப்புக்குப் பிழையெல்லை இல்லை. ஆனால் குப்பிக்குள் இருக்கும் தூள் உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டதன்று.

4. இயைபாக்க மரபுகள்: ஒரே பெயர், இரு எண்கள்

நியோடிமியம், ஸ்ட்ரான்சியம் போன்ற கனமான தனிமங்களில் கருவியின் கோணலைத் திருத்த வேறொரு வழி கையாளப்படுகின்றது. மாறாத இரு ஐசோடோப்புகளின் விகிதத்திற்கு ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டு, கருவி காட்டும் விகிதம் அதனின்று எவ்வளவு விலகுகின்றதோ அவ்வளவையும் ஏனைய விகிதங்களில் திருத்துவர். இதுவே இயைபாக்கம். எடுத்துக்கொள்ளும் மதிப்பு மரபைச் சார்ந்தது.

நியோடிமியத்தில் இரு மரபுகள் வழங்கின. நியோடிமியம்-146, நியோடிமியம்-144 விகிதத்தை 0.7219 எனக் கொள்ளும் மரபில், விண்கல் சராசரியின் நியோடிமியம்-143, நியோடிமியம்-144 விகிதம் 0.512638. நியோடிமியம்-146, நியோடிமியம்-142 விகிதத்தை 0.636151 எனக் கொள்ளும் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழக மரபில் அதே பொருளின் அதே விகிதம் 0.511847. பொருள் ஒன்று, எண்கள் இரண்டு. பாறைகளின் தோற்றுவாயை உரைக்கும் எப்சிலான் அலகில் இவ்வேறுபாடு 15க்கும் மேற்பட்டது. புவியின் மூடகத்திலிருந்து புதிதாகப் பிறந்த பாறையையும் பழைய மேலோட்டிலிருந்து உருகிப் பிறந்த பாறையையும் பிரித்தறிய இதனினும் குறைந்த வேறுபாடே போதுமாகும். ஒவ்வொரு மரபும் தன்னளவில் முரணற்றது. எப்சிலானைத் தன் மரபின் விண்கல் மதிப்பைக் கொண்டு கணக்கிட்டால் இரண்டும் ஒரே விடையையே தரும். இரு கட்டுரைகளின் விகிதங்களை மரபு நோக்காது ஒரே அட்டவணையில் கலக்கும்போதே பிழை பிறக்கின்றது. அத்தகைய பிழையைச் செய்பவர் அளந்தவர் அல்லர், தொகுத்தவர்.

ஸ்ட்ரான்சியத்தில் வேறொரு வகைச் சிக்கல். என்.பி.எஸ். 987 என்னும் ஒப்பீட்டுப் பொருளின் சான்றிதழ் ஸ்ட்ரான்சியம்-87, ஸ்ட்ரான்சியம்-86 விகிதத்தை 0.71034 எனக் கூறுகின்றது. அதன் பிழையெல்லை 0.00026. ஆய்வகங்கள் பலவும் பல்லாண்டுகளாக அளந்து ஏற்றுக்கொண்ட மதிப்போ 0.71025ஐ ஒட்டியது. சான்றிதழின் எல்லைக்குள்ளேயே இது அடங்குவதால் முரண் இல்லை. ஆயினும் கடல்நீரின் ஸ்ட்ரான்சிய விகிதம் கடந்த 4 கோடி ஆண்டுகளில் ஏறத்தாழ 0.7077இலிருந்து இன்றைய 0.7092 வரை உயர்ந்துள்ளது. அதாவது சராசரியாகப் பத்து இலட்சம் ஆண்டுக்கு 0.00004ஐ ஒட்டியே. ஓர் ஆய்வகம் சான்றிதழ் மதிப்பையும் மற்றோர் ஆய்வகம் வழங்கு மதிப்பையும் கொண்டு திருத்தினால், ஒரே சிப்பியின் அகவையில் 20 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் வேறுபாடு தோன்றும். கட்டுரையின் செய்முறைப் பகுதியில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் இவ்வேறுபாட்டை எவரும் நீக்கிவிடலாம். அவ்வரி இல்லையேல் எவராலும் நீக்க இயலாது.

5. ஒருங்கே பிழைபடுதல்

மேற்கண்ட நேர்வுகளில் ஆய்வகங்களை ஒப்பிட்டதால் பிழை வெளிப்பட்டது, அல்லது வெளிப்படக் கூடியதாயிருந்தது. ஒப்பீட்டால் வெளிப்படவே இயலாத பிழையும் உண்டு. இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-238, யுரேனியம்-235 விகிதம் 137.88 என்பது 1977இல் ஸ்டைகர், யேகர் ஆகியோர் தொகுத்தளித்த மரபு மாறிலிகளுள் ஒன்று. காரீயம்-207, காரீயம்-206 முறையில் அகவை கணக்கிடும் ஆய்வகங்கள் யாவும் முப்பதாண்டுகளுக்கு மேல் இவ்வெண்ணையே கையாண்டன. 2012இல் ஹீஸ் குழுவினர், எடையிட்டுத் தயாரித்த யுரேனியம்-233, யுரேனியம்-236 கலவையைக் கொண்டு சிர்கான் முதலிய கனிமங்களை அளந்து, சிர்கானுக்குரிய சராசரி 137.818 என்றும் கனிமத்திற்குக் கனிமம் அது மாறுகின்றது என்றும் காட்டினர்.

வேறுபாடு ஆயிரத்தில் அரைப் பங்கே. ஆயினும் அதனால் காரீயம்-காரீயம் அகவைகள் 7 முதல் 11 இலட்சம் ஆண்டு வரை குறைகின்றன. அவ்வாய்வகங்கள் தமக்குள் அதனினும் சிறிய பிழையெல்லைகளை வெளியிட்டு வந்தன. நூறு ஆய்வகங்களுக்கு ஒரே சிர்கானை அனுப்பி ஒப்பிட்டிருந்தாலும் இப்பிழை தெரிந்திருக்காது. நூறும் ஒரே மாறிலியால் கணக்கிட்டிருக்கும். சந்தையின் எடைக்கல் இதுவே. கடைக்குக் கடை ஒப்பிட்டு அதன் குறையைக் காண இயலாது. சந்தைக்கு வெளியிலுள்ள துலாக்கோலில் நிறுத்தே காண இயலும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். அனைவரும் ஒரே கல்லைக் கையாளும்போது எண்கள் யாவும் ஒரே அளவு விலகும். எது முந்தியது, எது பிந்தியது என்னும் வரிசை மாறாது. ஆகவே உடன்பாடே போதும், செம்மை வேண்டியதில்லை என்பது அம்மறுப்பு. ஒரே முறைக்குள் நிற்கும் வரை இது ஏற்புடையதே. அம்முறையின் எண்ணை வேறொரு முறையின் எண்ணோடு ஒப்பிடும் கணத்தில் இவ்வாதம் சரிகின்றது. பெர்மியக் காலத்தின் இறுதியில் நிகழ்ந்த பேரழிவும் சைபீரிய எரிமலைப் பெருக்கும் ஒரே காலத்தவையா என்னும் வினா இதற்குத் தக்க சான்று. ஆர்கான் முறையின் கட்டளைக்கல்லான கொலராடோவின் ஃபிஷ் கேன்யன் சானிடின் 1998இன் மரபில் 280.2 இலட்சம் ஆண்டு அகவையது. 2008இல் கைப்பர் குழுவினர், வானியல் சுழற்சிகளால் காலம் அறியப்பட்ட மொராக்கோவின் படிவுகளோடு ஒப்பிட்டு அதனை 282.01 இலட்சம் எனத் திருத்தினர். இவ்வேறுபாடு 25 கோடி ஆண்டு அகவையில் 16 இலட்சம் ஆண்டாகப் பெருகுகின்றது. சீனாவின் மெய்ஷான் பாறைகளில் யுரேனியம்-காரீயம் முறையால் அறியப்பட்ட பேரழிவின் கால அளவோ ஓர் இலட்சம் ஆண்டையே ஒட்டியது. எரிமலையை ஒரு கடிகாரத்தாலும் அழிவை மற்றொரு கடிகாரத்தாலும் அளந்து, கடிகாரங்களை ஒத்துப்பார்க்காது, எது காரணம் எது விளைவு என்று உரைக்க இயலாது.

6. சான்றாகும் உடன்பாடு

உடன்பாடு பயனற்றது என்பது இக்கட்டுரையின் வாதமன்று. எத்தகைய உடன்பாடு சான்றாகும் என்பதே வினா. இரு முயற்சிகள் ஈண்டு நோக்கத்தக்கன. 2003இல் தொடங்கிய எர்த்டைம் என்னும் கூட்டுமுயற்சி, யுரேனியம்-காரீயம் ஆய்வகங்களுக்கு ஒரே தடங்காட்டிக் கரைசலைப் பகிர்ந்தளித்தது. பொதுக்கரைசல் ஒன்றே எனில் இதுவும் சந்தையின் எடைக்கல்லாகவே முடிந்திருக்கும். அவ்வாறு ஆகாமைக்குக் காரணம், அக்கரைசலின் செறிவு தூய உலோகங்களை எடையிட்டுத் தயாரித்த கரைசல்களின் வழியே கிலோகிராம் வரை பின்தொடரத்தக்கதாக நிறுவப்பட்டமையும், அக்கணக்கு வெளிப்படையாக வெளியிடப்பட்டமையும் ஆகும். கரைசலின் மதிப்பு நாளை திருத்தப்பட்டால் பழைய அகவைகளையும் எவரும் திருத்திக்கொள்ளலாம். ஆய்வகத்துக்குள்ளான பிழை, தடங்காட்டியின் பிழை, சிதைவு மாறிலியின் பிழை ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதும் வழக்கமும் இதனோடு பரவியது.

மற்றொன்று, கார்பனேட்டுகளில் இரு கனமான ஐசோடோப்புகள் ஒன்றோடொன்று பிணையும் அளவைக் கொண்டு வெப்பநிலை காணும் முறையில் நிகழ்ந்தது. தொடக்கத்தில் ஆய்வகங்கள் வெளியிட்ட அளவுத்திருத்தக் கோடுகள் தமக்குள் கணிசமாக முரண்பட்டன. அந்நாளில் ஒப்பீட்டுப் பொருளாக இருந்தது சூடாக்கிய வளிமம்; மாதிரியோ அமிலத்தில் கரைத்துப் பெறவேண்டிய பாறை. 2021இல் வெளியான இன்டர்கார்ப் ஒப்பீட்டில் 22 ஆய்வகங்கள் கார்பனேட்டையே ஒப்பீட்டுப் பொருளாகக் கொண்டு திருத்தியபோது முரண்கள் பெருமளவு நீங்கின. மாதிரி செல்லும் வழியிலேயே கட்டளைக்கல்லும் செல்ல வேண்டும் என்னும் நெறியின் வெற்றி இது.

7. தமிழில் எடுத்தாளும் நெறி

தமிழில் தொல்லியல், புவியியல், சூழலியல் குறித்து எழுதுவோர் இத்தகைய எண்களைத் தாமே அளப்பவர் அல்லர், தொகுத்து ஒப்பிடுபவர். நான்காம் பகுதியில் கண்டவாறு பிழை பிறக்கும் இடம் பெரும்பாலும் தொகுப்பே. ஆகவே பின்வருவன பின்பற்றத்தக்கன.

முதலாவதாக, ஓர் அகவையை அல்லது விகிதத்தை எழுதும்போது முறை, ஒப்பீட்டுப் பொருள், அதற்குக் கொண்ட மதிப்பு, சிதைவு மாறிலி ஆகியவற்றை மூலத்தில் உள்ளவாறு உடன் எழுதுதல் வேண்டும். இரண்டாவதாக, பிழையெல்லையை நீக்கி எண்ணை மட்டும் தருதல் கூடாது. அவ்வெல்லை எவற்றை உள்ளடக்கியது என்பதும் கூறப்பட வேண்டும். மூன்றாவதாக, வெவ்வேறு ஆண்டுகளில் வெளியான எண்களை ஒப்பிடுமுன் அவற்றை ஒரே மரபுக்கு மாற்றுதல் வேண்டும். நான்காவதாக, 'பல ஆய்வகங்களும் உறுதிசெய்துள்ளன' என்று எழுதுமுன் அவ்வாய்வகங்கள் எதனைப் பொதுவாகப் பகிர்ந்துகொண்டன என்று வினவுதல் வேண்டும். இறுதியாக, நுண்மை, செம்மை என்னும் சொற்களை வேறுபடுத்தி ஆளுதல் நலம். இவற்றுக்கு வேறு சொற்களும் தெரிவு செய்யப்படலாம். இரண்டு பண்புகளுக்கு இரண்டு சொற்கள் இருத்தலே இன்றியமையாதது.

முடிவுரை

ஆய்வகங்களுக்கிடையே உடன்பாடு மூன்று வழிகளில் பிறக்கின்றது. ஒன்றையொன்று சாராத பிழைகள் தற்செயலாக ஒத்துப்போவதால் பிறக்கலாம், கே.பி.எஸ். சாம்பற்பாறையில் 24 இலட்சம் என்னும் எண் அவ்வாறு பிறந்தது. ஒரே கல்லையோ ஒரே மாறிலியையோ பகிர்ந்துகொள்வதால் பிறக்கலாம், 137.88 அவ்வாறு முப்பதாண்டு நிலைத்தது. ஒன்றையொன்று சாராத வழிகள், தத்தம் குறைகள் ஆராயப்பட்ட பின்னர், ஒரே இடத்தில் சேர்வதாலும் பிறக்கலாம், 18.8 இலட்சம் அவ்வாறு நிறுவப்பட்டது. மூன்றாவது மட்டுமே சான்று. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். அட்டவணையில் மூன்றும் ஒத்த எண்களாகவே நிற்கும். அவற்றை வேறுபடுத்துவது எண்ணன்று, எண் வந்த வழி. பீடீயின் பெலெம்னைட் தூள் தீர்ந்தபோதும், லித்தியம் கார்பனேட்டு காற்றை ஈர்த்தபோதும் பழைய அளவீடுகளுள் மீட்கப்படக் கூடியவை, எக்கல்லில் உரைத்தோம் என்று எழுதி வைத்தவர்களின் அளவீடுகளே. எண்ணோடு கட்டளைக்கல்லின் பெயரையும் எழுதுதல் ஆய்வு நெறியின் குறைந்தபட்சக் கடமை எனலாம்.